அடுப்பை வீட்டில் வைத்துவிட்டுப் புறப்படுவோம்

குடும்பப் பகுதி

மார்கழிக் குளிர் தொடங்கியதும் நம் சங்க அன்பர்களிடையே ஒரே பேச்சு எழுந்துவிடுகிறது. இந்த ஆண்டு அகத்தியர் மலைக்கு யார் யார் செல்கிறார்கள்? யாருக்கு அனுமதி கிடைத்தது? மருத்துவரிடம் உடல் தகுதிச் சான்று வாங்கியாகிவிட்டதா? இவ்வாறு பல கேள்விகள். ஆனால், மூட்டையில் கட்டிச் செல்லும் ஆகாரம் என்ன என்ற கேள்வியை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. அது பெண்கள் அடுக்களையில் பார்த்துக்கொள்ள வேண்டிய சில்லறை விஷயம் என்று ஆண்மக்கள் நினைத்துவிடுகின்றனர். 2019ஆம் ஆண்டு முதல் பெண்களும் அம்மலை ஏறிவருகிறார்கள். ஆகவே, இது இனி இருபாலாருக்கும் பொதுவான விஷயம். இம்மாதம் இதைப் பற்றியே எழுதத் துணிந்தோம். எழுத வேண்டிய கடமையும் நமக்கு உண்டு. காரணத்தைப் பின்னே சொல்வோம்.

தம்பானூர்ப் பேருந்து நிலையத்தில் வண்டி ஏறி, நெடுமங்காடு, விதுரை வழியாகப் போணக்காடு சென்றால், அங்கிருந்து கால்நடைதான். அதிருமலை முகாமுக்கு ஏறத்தாழ 14 கிலோமீட்டர். மறுநாள் அங்கிருந்து சிகரத்திற்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர். பிறகு வந்த வழியே திரும்ப வேண்டும். சிகரத்தின் உயரம் 1,868 மீட்டர். நெய்யாறு வனவிலங்குச் சரணாலயத்திற்குள் அமைந்த இம்மலையைச் சுற்றியுள்ள வனப்பகுதி, 2016ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலிலும் இடம்பெற்றது. கேரளத்து மக்கள் இதனை அகஸ்தியார்கூடம் என்கின்றனர். கிழக்கே நெல்லைச் சீமையில் பிறந்தவர்களுக்கு இது பொதிகை. தாமிரபரணி பிறக்கும் மலைத்தொகுதி இது. நம்மில் பலர், சிறு வயதில் மேற்கே பார்த்து வணங்கிய மலையை, பிழைப்பின் பொருட்டு இங்கு வந்த பின்னர்க் கிழக்கே பார்த்து வணங்குகிறோம்.

ஜனவரி நடுவிலிருந்து சில வாரங்களுக்கு மட்டுமே வனத்துறை இந்தப் பாதையைப் பொதுமக்களுக்குத் திறக்கிறது. நாள் ஒன்றுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையினருக்கே அனுமதி. காட்டுக்குள் தீ மூட்டிச் சமைப்பதற்கும் புகைபிடிப்பதற்கும் தடை உண்டு; பிளாஸ்டிக் பைகளும் கூடாது. சிகரத்திற்குச் செல்லும் வழியில் பொங்காலைப்பாறை என்றே ஓர் இடம் இருக்கிறது. முற்காலத்தில் அடியார்கள் பொங்கலிட்ட இடம் என்று பெயரே சொல்கிறது. இன்று அங்கே ஒரு தீக்குச்சியும் கிழிக்கலாகாது. வேனிற்காலம் நெருங்கும் வேளையில் உலர்ந்த புல்வெளியில் ஒரு பொறி விழுந்தால் என்னாகும் என்பதை எண்ணினால், அந்தத் தடையின் நியாயம் விளங்கும். போணக்காட்டிலும் அதிருமலையிலும் உணவு கிடைக்கும் ஏற்பாடு அண்மை ஆண்டுகளில் இருந்துவருகிறது. எனினும், பகற்பொழுது முழுவதும் காட்டுவழியில் நடப்பவனுக்குத் தன் தோளில் உள்ள மூட்டையே சமையற்கட்டு.

நாம் செய்த பிழை

முன்னொரு முறை நம் அன்பர்கள் ஒன்பது பேர் புறப்பட்டோம். ஆகார ஏற்பாடு நம்முடைய பொறுப்பு. நாம் செய்ததைக் கேளுங்கள். முதல் நாள் நண்பகலுக்கென்று, விடியற்காலையில் தேங்காய்ச் சாதம் கிளறி, ஆவி அடங்குமுன்னரே எவர்சில்வர் டப்பாக்களில் அடைத்தோம். மறுநாளைக்கென்று ரொட்டிகள், கண்ணாடிப் புட்டியில் பழப்பாகு, தகர டப்பாவில் அடைத்த பண்டங்கள், ஆளுக்கு நான்கு ஆப்பிள்கள் என்று வாங்கி நிரப்பினோம். மூட்டைகள் கனத்தன. 'பசிக்கு முன் பாரம் பெரிதா?' என்று வேடிக்கை பேசியபடி நடந்தோம்.

நண்பகலில் ஓர் ஓடைக்கரையில் டப்பாக்களைத் திறந்தபோது சாதத்தின் மணம் சற்றே மாறியிருந்தது. 'அன்னத்தை வீணாக்கலாமா?' என்ற நல்லெண்ணத்தினால் மூவர் அதை உண்டனர். மற்றவர்கள் ரொட்டியைக் கடித்து நீர் குடித்தோம். அன்றிரவு அதிருமலையில் உண்டவர் மூவருக்கும் வாந்தி. இளைஞர் இருவரும் விடியுமுன் ஒருவாறு தேறினர். மூன்றாமவர் அறுபதைத் தாண்டிய பெரியவர். அம்பாசமுத்திரத்தில் பிறந்து, நாற்பது ஆண்டுகளாக இந்நகரில் குடும்பத்தோடு வாழ்பவர். 'அந்த மலையின் உச்சியில் நின்று, பிறந்த மண்ணை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்' என்பது அவருடைய நெடுநாள் ஆசை. மறுநாட்காலை அவரால் எழுந்து நிற்கவும் இயலவில்லை. ஓர் இளைஞரைத் துணைக்கு வைத்துவிட்டு, மற்றவர்கள் சிகரம் ஏறித் திரும்பினோம். முகாமின் திண்ணையில் சாய்ந்திருந்த அவர் நம்மைக் கண்டதும் ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏம்ப்பா, கிழக்கே நம்ம ஊர்ப் பக்கம் தெரிஞ்சுதா?"

"பனி மூடியிருந்தது அண்ணாச்சி, ஒன்றும் தெரியவில்லை" என்றோம்.

பிழை அவருடையதன்று, மலையுடையதுமன்று. சமையலில் வந்த பிழையும் அன்று. தேர்வில் வந்த பிழை. அந்தத் தேர்வைச் செய்தவர்கள் நாம்.

தண்ணீரைச் சுமக்கும் அறியாமை

பின்னர் அமர்ந்து கணக்கிட்டுப் பார்த்தோம். வேகவைத்த சோற்றில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். ஆப்பிளில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் தண்ணீர். வழியெங்கும் ஓடைகள் ஓடும் மலைக்கு நாம் தோளில் தண்ணீரைச் சோறாகவும் பழமாகவும் சுமந்து சென்றிருக்கிறோம்! மேலும், எங்கே ஈரம் இருக்கிறதோ அங்கேதான் கிருமி வளரும். சோற்றில் தங்கும் ஒருவகைக் கிருமியின் வித்துக்கள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக மூடிக் கிடக்கும் நேரத்தில் அவை பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழிவதில்லை. ஆகவே, பாரம், கேடு என்னும் இரண்டுக்கும் வேர் ஒன்றே, அது ஈரம்.

கடுமையாக மலை ஏறும் ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 3,000 கலோரி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் சோறு ஏறத்தாழ 130 கலோரி தரும். அப்படியானால் 2 கிலோ 300 கிராம் சோறு சுமக்க வேண்டும். அதே 100 கிராம் அவல் 350 கலோரி தருகிறது, வறுத்த நிலக்கடலை 570, கொப்பரை 660. அடுப்பு வேலையை வீட்டில் முடித்து, ஈரத்தை வீட்டிலேயே போக்கிவிட்ட பண்டங்களை எடுத்துச் சென்றால் முக்கால் கிலோவில் ஒரு நாள் கழிந்துவிடும். 'சமைக்காத உணவு' என்று இதைச் சொல்வதுகூடப் பொருந்தாது. வீட்டிலேயே தீயைக் கண்டுவிட்ட உணவு என்பதே பொருத்தம்.

முன்னோர் அறிந்த முறை

இது புதிய கண்டுபிடிப்பா? அன்று. நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்த நம் பாட்டிமார்கள் அவலைப் படைத்தது எதற்காக? வேண்டும்போது நீர் தெளித்தால் போதும், உணவு ஆயத்தம் என்பதற்காகவே. சபரிமலைக்கு இருமுடி கட்டும்போது, முன்முடியில் ஐயனுக்கு உரிய பொருள்களையும், பின்முடியில் யாத்திரிகர் தமக்கு வேண்டிய வழியுணவையும் வைக்கும் வழக்கம் நம் எல்லாருக்கும் தெரியும்.

வேடர் குடியில் வளர்ந்த வள்ளியின் கதையை நினைவுகூர்வோம். கிழவேடம் பூண்டு வந்த முருகன் பசி என்று கேட்க, தினைப்புனம் காத்த அப்பெண் கொடுத்தவை தேனும் தினைமாவும். காட்டிலும் மலையிலும் திரிவோருக்கு ஏற்ற ஆகாரம் அதைவிட வேறென்ன? உண்ட கிழவருக்கு உடனே நீர் வேட்கை வந்ததும், சுனை தேடிச் செல்ல நேர்ந்ததும் கதையின் பிற்பகுதி. உலர்ந்த மாவை உண்பவன் நீருக்கு வழி அறிந்திருக்க வேண்டும் என்ற பாடத்தையும் நாம் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

வேட்டைக்குச் சென்றவர்கள் நாட்கணக்கில் காட்டில் தங்க நேர்ந்தபோது உப்புக்கண்டமும் மாவும் கொண்டு சென்றனர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பின் அந்த வேட்டை முடிந்தது, முடிந்ததும் நன்றே. ஆயினும் வேட்டைக்காரரின் மூட்டை நமக்குக் கற்பிப்பது உண்டு. வட அமெரிக்கப் பழங்குடியினர் எருமை இறைச்சியை உலர்த்திப் பொடித்து, கொழுப்பும் காட்டுப்பழமும் கலந்து செய்த 'பெமிக்கன்' என்னும் உணவைத் துருவப் பிரதேசம் சென்ற வெள்ளையரும் கைக்கொண்டனர். திபெத்தியர் வறுத்த பார்லி மாவைத் தேநீரில் பிசைந்து உண்கின்றனர். மெக்சிகோவின் மலைநாட்டு ஓட்டக்காரர்கள் வறுத்த சோளமாவை நீரில் கலந்து குடிக்கின்றனர். தேசம் வேறு, தானியம் வேறு, முறை ஒன்றே. வறு, பொடி, எடுத்துச் செல்!

நம் அகத்தியர் மலையிலேயே நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் விட மனமில்லை. 1987ஆம் ஆண்டில் டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில் விஞ்ஞானிகள் சிலர் இக்காட்டில் ஆராய்ச்சிக்காக நடந்தனர். ஏறி ஏறி அவர்கள் சோர்ந்தபோது, வழிகாட்டிகளாக வந்த காணிக்காரர்கள் மட்டும் ஒரு சிறு செடியின் காய்களை மென்றவாறு களைப்பின்றி நடந்தனர். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டிலுள்ள தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கியது. 1995ஆம் ஆண்டில் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய நிறுவனத்திற்கு அதன் உரிமை வழங்கப்பட்டது. அதில் வந்த வருவாயில் பாதி காணிக்காரருக்கு உரியதென ஒப்புக்கொள்ளப்பட்டு, 1997ஆம் ஆண்டில் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் பதிவாயிற்று. காட்டை அறிந்தவனுக்கு மூட்டை சிறிது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் அன்பர்களே, அந்த அறிவு அவர்களுடையது. நாம் வழியில் எந்தச் செடியையும் பறிக்கவோ சுவைக்கவோ கூடாது. நமக்கு உரியது நம் வீட்டிலிருந்து வந்த மூட்டையே.

மூட்டையில் என்ன வைப்பது?

எல்லாப் பண்டமும் தம்பானூரிலிருந்து நடந்தே சென்றடையக்கூடிய சாலைக் கடைத்தெருவில் கிடைக்கும். ஒருவருக்கு ஒரு பகலும் இரவும் போதுமான அளவைக் கீழே தருகிறோம்:

அவல் - 200 கிராம்
வறுத்த சத்துமாவு - 100 கிராம்
உப்புச் சேர்த்து வறுத்த நிலக்கடலை - 125 கிராம்
பொரிகடலை - 75 கிராம்
வெல்லம் - 75 கிராம்
பேரீச்சம்பழம் - 100 கிராம்
நேந்திரங்காய் வறுவல் - 50 கிராம்
கொப்பரைத் துண்டுகள் - 25 கிராம்

ஆக மொத்தம் 750 கிராம். தரும் சக்தி ஏறத்தாழ 3,000 கலோரி. முகாமில் இரவு உணவு கிடைக்குமாயின், அவலையும் மாவையும் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். நீரிழிவு உள்ளவர்கள் வெல்லம், பேரீச்சம்பழம் ஆகியவற்றின் அளவைத் தங்கள் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யவேண்டும்.

அவலில் மெல்லியதையே வாங்குங்கள். அது குளிர்ந்த நீரில் சில நிமிடங்களில் ஊறிவிடும். கெட்டி அவலுக்கு அரைமணி நேரமாவது வேண்டும். பொடித்த வெல்லத்தையும் கொப்பரையையும் அதனுடன் சேர்த்தால் வயிறு நிறையும்.

சத்துமாவு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. கேழ்வரகு, புழுங்கல் அரிசி, பச்சைப்பயறு, பொரிகடலை ஆகியவற்றை வீட்டில் அரைத்துக்கொள்வது எளிது. சிறிது சுக்கும் ஏலமும் சேர்த்தால் மணமும் சீரணமும் கூடும். ஆனால் பொரிகடலை தவிர்த்த மற்றவற்றைத் தனித்தனியே மணம் வரும் வரை வறுக்க வேண்டும். கஞ்சி காய்ச்சுவதற்கென்று அரைத்த பச்சை மாவை மலையில் குளிர்ந்த நீரில் கரைத்துக் குடித்தால் வயிறு பொருமி வேதனை தரும். அடுப்பு வேலையை வீட்டிலேயே முடிக்கவேண்டும் என்றோமே, அது இங்கேதான் மிக முக்கியம்.

வியர்வையில் உப்பு வெளியேறுவதால் தலைசுற்றலும் தசைப்பிடிப்பும் நேரும். அதற்கு நம் தாய்மார்களின் உப்பிட்டு உலர்த்திய நார்த்தங்காய் நல்ல துணை. விரல் நுனியளவு துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு நடந்தால் நாவறட்சியும் குமட்டலும் தணிகின்றன.

புளியோதரையையும் இட்டலியையும் அறவே விலக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். நன்றாக ஆறிய சாதத்தில் புளிக்காய்ச்சலும் நல்லெண்ணெயும் கலந்த புளியோதரையும், மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்டலியும் இரயில் பயணங்களில் நம்மைக் காத்தவை. முதல் நாள் காலை உணவாகப் போணக்காட்டிலேயே உண்டு முடித்துவிடுங்கள். தேங்காய் சேர்ந்த எதுவும், சட்டினியாயினும் சாதமாயினும், மூட்டையில் ஏறக் கூடாது. கொப்பரை மட்டும் இதற்கு விலக்கு. அதன் ஈரத்தை வெயில் போக்கிவிட்டது. பழுத்த வாழைப்பழமும் வேண்டாம். அது நசுங்கும், அதன் மணம் குரங்குகளையும் அழைத்துவரும்.

உண்ணும் முறையும் கட்டும் முறையும்

நண்பகலில் பந்தி அமர்ந்து வயிறு நிறைய உண்டபின் செங்குத்து ஏறலாமா? ஏழுமடக்கன் தேரியையும் முட்டிடிச்சான் தேரியையும் கண்டவர்கள் இந்தத் தவற்றைச் செய்யமாட்டார்கள். மூட்டு நெற்றியில் இடிக்கும் ஏற்றம் என்பதால்தான் பின்னதற்கு அப்பெயர். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி கடலையும் இரண்டு பேரீச்சம்பழமும் உண்டு, நீர் அருந்தி நடப்பதே நன்று. அவலை மட்டும் ஓடைக்கரையில் இளைப்பாறும்போது ஊறவைத்து உண்ணலாம்.

உலர்ந்த ஆகாரம் உடம்பின் நீரைக் கேட்கும். ஆகவே, இரண்டு லிட்டர் கொள்ளும் எவர்சில்வர் குப்பி ஒவ்வொருவரிடமும் இருக்கவேண்டும். காணும் ஓடையிலெல்லாம் நிரப்பாமல், வழிகாட்டிகள் காட்டும் இடத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

பண்டங்களைச் சிறு துணிப்பைகளில் தனித்தனியே கட்டுங்கள். பழைய வேட்டித் துண்டில் தைத்தாலே போதும். ஒவ்வொரு வேளைக்கும் ஒரு பை என்று கட்டிவிட்டால், களைத்த வேளையில் அளந்து பார்க்கும் தொல்லையில்லை. பேரீச்சங்கொட்டையும் கடலைத்தோலும் தாமே மக்கிவிடும் என்று காட்டில் எறியாதீர்கள். காலிப் பையில் போட்டு வீட்டுக்கே கொண்டு வாருங்கள்.

புறப்படும் நாளில் முதன்முறையாக இவற்றை உண்டு பார்ப்பது கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, அடுப்பு மூட்டாமல் ஒரு பகல் முழுவதும் இந்த மூட்டையைக்கொண்டே கழித்துப் பாருங்கள். யாருக்கு எது ஒத்துக்கொள்கிறது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது தெரிந்துவிடும். அத்துடன், இந்த ஊரில் பிறந்து, பொட்டலத்தில் வரும் பிஸ்கட்டையே பிரயாண ஆகாரமாக அறிந்திருக்கும் நம் குழந்தைகள், தங்கள் பாட்டி ஊரின் கட்டுச்சோற்றை அறிந்துகொள்வார்கள். சத்துமாவு வறுக்கும் மணம் ஒரு வீட்டில் எழுந்தால் அந்த வீட்டில் நெல்லைச் சீமை இன்னும் வாழ்கிறது என்று பொருள்.

இனி, இதை எழுதும் கடமை நமக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லி முடிக்கிறோம். அன்று அதிருமலைத் திண்ணையில் சாய்ந்திருந்த அண்ணாச்சி, இந்த ஆண்டும் தம் பெயரைக் கொடுத்திருக்கிறார். மருத்துவரும் அனுமதித்துவிட்டார். அவர் இந்த இதழைத் தவறாமல் வாசிப்பவர். ஆதலால், அவரிடம் அன்று சொன்னதை இங்கே திருத்திக்கொள்கிறோம். அண்ணாச்சி, அன்று பனி மூடியிருக்கவில்லை. வானம் தெளிவாகவே இருந்தது. கிழக்கே நம் சீமை வெகுதூரம் வரை தெரிந்தது. நம் பிழையால் தாங்கள் காணாமற்போன காட்சியைத் தங்களிடமே வருணிக்க நமக்கு நா எழவில்லை; அதனால் பொய் சொன்னோம். பொறுத்தருள வேண்டும்.

இம்முறை ஆகாரப் பொறுப்பு மீண்டும் நம்மிடமே வந்திருக்கிறது. அவருடைய பங்கான 750 கிராமையும் நிறுத்து, துணிப்பைகளில் கட்டி வைத்துவிட்டோம். அடுப்பு வீட்டிலேயே இருக்கும்.